நீதிபதிக்கும் ஓட்டுப் பெட்டியா?

(சட்ட விழிப்புணர்வுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய இளம் வழக்கறிஞர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "எம்.எல்.ஏ.வை நாம் தேர்ந்தெடுக்கிறோம். எம்.பி.யை நாம் தேர்ந்தெடுக்கிறோம். பஞ்சாயத்துத் தலைவரைக்கூட நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். நம்முடைய உயிரையும் உடைமையையும் தீர்மானிக்கிற நீதிபதியை மட்டும் ஏன் நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது?" என்று கேட்டார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். கேட்க இனிப்பான கேள்வி அது. நாலு சுவருக்குள் ஐந்து பேர் கூடி நீதிபதிகளைப் பொறுக்கி எடுக்கிற முறை பற்றி நமக்கு எத்தனையோ மனத்தாங்கல்கள் உண்டு. அவற்றை நான் மறைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

ஆனால், நீதிபதிக்கு ஓட்டுப் போடுகிற நாடு ஒன்று உலகத்தில் இருக்கிறது. நேற்று இன்றல்ல, இருநூறு ஆண்டுகளை நெருங்கப் போகிறது. அங்கே என்ன நடந்தது என்பதைக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு கை தட்டுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அமெரிக்காவைத்தான் சொல்கிறேன். அங்கே நீதிமன்றங்கள் இரண்டு வகை. வாஷிங்டனில் இருக்கிற மத்திய அரசின் கீழ் வருபவை ஒன்று. அதில் ஜனாதிபதி நியமிப்பார், செனட் சபை ஒப்புதல் தரும், நீதிபதி வாழ்நாள் முழுக்க இருப்பார். இன்னொன்று, ஒவ்வொரு மாநிலத்துக்கும் உள்ள தனி நீதிமன்றங்கள். நிலத் தகராறு, விவாகரத்து, திருட்டு, கொலை என்று சாமான்ய மனிதன் படியேறுகிற வழக்குகளில் பெரும்பகுதி இந்த மாநில நீதிமன்றங்களுக்குத்தான் போகிறது. 50 மாநிலங்களில் 38 மாநிலங்களின் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஏதாவது ஒரு கட்டத்தில் வாக்காளர்முன் போய் நின்றாக வேண்டும். சில இடங்களில் கட்சிப் பெயரோடு நிற்கிறார்கள், சில இடங்களில் கட்சிப் பெயர் இல்லாமல் நிற்கிறார்கள். மூன்றாவதாக ஒரு முறை இருக்கிறது. அதில் எதிர்வேட்பாளர் என்று யாரும் கிடையாது. "இந்த நீதிபதி பதவியில் நீடிக்கலாமா, கூடாதா?" என்று ஒரே ஒரு கேள்வி. ஆம் அல்லது இல்லை. இந்த மூன்றாவது முறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லப் போகிற கதை அதில்தான் முடிகிறது.

ஏன் இப்படி ஆரம்பித்தார்கள்? கெட்ட எண்ணத்தில் அல்ல. 1832ல் மிசிசிபி மாநிலம் எல்லா நீதிபதிகளையும் மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றது. 1846ல் நியூயார்க் அதே வழிக்கு வந்தது. பிறகு மாநிலம் மாநிலமாகப் பரவியது. கவர்னரும் சட்டசபைக்காரர்களும் தங்கள் ஆட்களுக்கு நீதிபதி நாற்காலியைப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பிடியிலிருந்து நீதியை விடுவித்து மக்கள் கையில் கொடுக்க வேண்டும் என்றுதான் சீர்திருத்தக்காரர்கள் சொன்னார்கள். நம்முடைய இளம் வழக்கறிஞர் கேட்ட அதே கேள்வியை அவர்களும் கேட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இனி ஒரு நீதிபதியின் கதைக்கு வருகிறேன். பெயர் பென்னி வைட். பெண்மணி. டென்னஸி மாநிலத்தின் கிழக்குக் கோடி, மலைப்பாங்கான பகுதியைச் சேர்ந்தவர். அந்த ஊர்ப்பக்கக் கல்லூரியிலேயே பட்டம் வாங்கி, மாநிலப் பல்கலைக் கழகத்தில் சட்டம் படித்து, 1981ல் வழக்கறிஞர் தகுதி பெற்றார். பெரிய இடத்துப் பிள்ளையும் அல்ல, தலைநகரத்து வக்கீலும் அல்ல.

1988ல் இவருக்கு ஒரு வழக்கு வந்தது. நாட்டின் உச்ச நீதிமன்றமே, "இந்தக் கைதிக்கு வக்கீல் இல்லை, நீங்கள் வாதாடுங்கள்" என்று நியமித்தது. டென்னஸி சிறையில் இருந்த ஒரு கைதி, வக்கீல் வைக்க வழியில்லாமல் தானே எழுதிய அப்பீல் மனு அது. 30 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அவர் 27வது நாளே சிறை அதிகாரியிடம் மனுவைக் கொடுத்துவிட்டார். நீதிமன்றத்தில் முத்திரை விழுந்தது 31வது நாள். ஒரே ஒரு நாள் தாமதம்! "காலம் கடந்துவிட்டது, போ" என்று தள்ளிவிட்டார்கள். சிறைக்குள் இருப்பவன் தபால் நிலையத்துக்கு நடந்து போக முடியுமா? நீதிமன்ற வாசலில் நின்று, வந்து சேர்ந்ததா என்று விசாரிக்க முடியுமா? சிறை அதிகாரி கையில் கொடுத்த நாளே தாக்கல் செய்த நாள் என்று பென்னி வைட் வாதாடினார். 5க்கு 4 என்ற கணக்கில் வென்றார். அமெரிக்கச் சிறைகளில் வக்கீல் இல்லாமல் மனு எழுதுகிற கைதிகளுக்கு இன்றும் பயன்படுகிற தீர்ப்பு அது. நம் ஊரில் சிறையிலிருந்து மனு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களை அறிந்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். அந்த ஒரு நாளின் அருமை உங்களுக்குத் தெரியும்.

இரண்டு ஆண்டு கழித்து, 1990ல், அவர் சர்க்யூட் நீதிமன்ற நீதிபதி பதவிக்குப் போட்டியிட்டு மக்கள் ஓட்டில் ஜெயித்தார். ஆக, ஓட்டுக்குப் பயந்தவர் அல்ல, ஓட்டு வாங்கியே மேலே வந்தவர். 1992ல் கவர்னர் அவரைக் குற்றவியல் அப்பீல் நீதிமன்றத்துக்கு உயர்த்தினார். 1994 இறுதியில் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் ஒருவராக்கினார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. 1996 ஆகஸ்ட் 1ஆம் தேதி வாக்காளர்முன் போக வேண்டும். நான் சொன்ன அந்த மூன்றாவது முறை: ஆம், இல்லை. அந்த மாநிலத்தில் இந்த முறை 1971ல் வந்தது. அதில் உச்ச நீதிமன்ற நீதிபதி எவரும் அதுவரை தோற்றதே கிடையாது. வெறும் சடங்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வாக்கெடுப்புக்கு இரண்டு மாதம் முன்னால், ஜூன் மாதத்தில், ஒரு தீர்ப்பு வந்தது.

மெம்ஃபிஸ் நகரில் 1991ல், வாகனங்கள் நிறுத்துகிற ஒரு கட்டடத்தில், 78 வயது மூதாட்டி ஒருவரை ஒருவன் பலாத்காரம் செய்து கத்தியால் குத்திக் கொன்றான். கேட்கவே நெஞ்சு நடுங்குகிற கொடுமை. குற்றம் நிரூபிக்கப்பட்டது, மரண தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, ஐந்து நீதிபதிகளும் சேர்ந்து இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று, இவன்தான் கொன்றான், அந்தத் தீர்ப்பு நிற்கும். இரண்டு, தண்டனை விசாரணையில் பிழை நடந்திருக்கிறது, ஆகவே தண்டனையை மட்டும் புதிய ஜூரிகள் மறுபடி விசாரிக்கட்டும். அமெரிக்காவில் கொலை வழக்கு இரண்டு கட்டமாக நடக்கும் என்பதை இங்கே நினைவில் வையுங்கள். குற்றவாளியா என்பது முதல் கட்டம், உயிரை எடுப்பதா என்பது இரண்டாம் கட்டம். இந்த இரண்டாம் கட்டத்தில், குற்றவாளி தரப்பின் மனநல நிபுணர் சாட்சியத்தைக் கீழ்நீதிமன்றம் ஏற்க மறுத்தது தவறு என்றார்கள். ஒரு சட்டப் பிரிவில் மட்டும் கருத்து வேறுபாடு வந்தது. மரணத்துக்குத் தேவையானதைவிட மேலான சித்திரவதை நடந்தால் பொருந்துகிற பிரிவு அது. இந்த வழக்கின் சாட்சியம் அந்தப் பிரிவின் வாசகத்துக்கு எட்டவில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். அந்தப் பெரும்பான்மையில் வைட்டும் இருந்தார். ஜீரணிக்கச் சிரமமான முடிவுதான், நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்ப்பை எழுதியவர் அவரல்ல, அடால்ஃபோ பர்ச் என்ற நீதிபதி. அந்த வழக்கில் வைட் தன் பெயரில் ஒரு வரிகூட எழுதவில்லை.

எழுதாதவர் ஏன் மாட்டினார்? அந்த ஆண்டு உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் வாக்காளர்முன் போக வேண்டியிருந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு 1998 வரை நேரம் இருந்தது. காலண்டர் செய்த வேலை இது!

வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் போயிற்று. மரண தண்டனை வேண்டுமா, அப்படியானால் பென்னி வைட்டுக்கு "இல்லை" என்று குத்துங்கள் என்பதே அவற்றின் சாரம். குற்றத்தின் கொடூரத்தை விவரித்தார்கள். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது என்பதைச் சொல்லவில்லை. ஐந்து நீதிபதிகளும் மறுவிசாரணை தேவை என்று ஒப்புக்கொண்டதைச் சொல்லவில்லை. மாநிலத்தின் கவர்னர் டான் சண்ட்குவிஸ்ட் வெளிப்படையாக எதிர்த்தார். மாநிலத்தின் இரண்டு செனட் உறுப்பினர்களும் எதிர்த்தார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள்: அவர் எழுந்து பதில் சொல்லியிருக்கலாமே? மேடை போட்டு விளக்கியிருக்கலாமே? அரசியல்வாதி என்றால் சொல்லலாம். நீதிபதி சொல்ல முடியாது, சகோதரர்களே! நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி நீதிபதி வெளியே வாய் திறக்கக் கூடாது என்பது அவர்களுடைய நடத்தை விதி. அந்த வழக்கோ மறுவிசாரணைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அடிப்பவன் கை இரண்டும் அவிழ்ந்திருக்க, அடி வாங்குபவர் வாயைக் கட்டிப் போட்ட மல்யுத்தம் அது. பென்னி வைட் என்ற ஒரு பெண்மணி விதியை மதித்து மௌனமாக நின்றார். மௌனத்துக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?

ஆகஸ்ட் 1ஆம் தேதி முடிவு வந்தது. "இல்லை" என்றவர்கள் 55 சதவீதம், "ஆம்" என்றவர்கள் 45 சதவீதம். உச்ச நீதிமன்றத்தில் அவர் இருந்தது இருபது மாதத்துக்கும் குறைவு.

அதைவிட முக்கியமானது தேர்தலுக்குப் பிறகு நடந்தது. தீர்ப்பு எழுதும்போது அடுத்த தேர்தலை நினைத்து ஒரு நீதிபதி தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டுமா என்று கேட்டபோது, அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நம்புவதாகக் கவர்னர் சொன்னார் என்று பத்திரிகைகளில் வந்தது. மறைத்துப் பேசவில்லை பாருங்கள், அந்த வெளிப்படைத்தன்மைக்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

நம் ஊர் ஜமாஅத்தில் ஒரு சொத்துத் தகராறு வருகிறது என்று வையுங்கள். ஒரு பக்கம் முப்பது வீட்டுப் பெரிய குடும்பம். இன்னொரு பக்கம் ஒரு விதவையும் அவள் மகனும். பஞ்சாயத்துப் பேசுகிற பெரியவருக்கு அடுத்த மாதம் நிர்வாகத் தேர்தல். அவர் நல்லவர்தான், நான் சந்தேகப்படவில்லை. ஆனாலும் அவர் கண் ஒரு நொடி அந்த முப்பது வீட்டுப் பக்கம் போய் வரும் இல்லையா? அந்த ஒரு நொடிதான் விஷயம்.

இது வெறும் ஊகமல்ல. பென்சில்வேனியா மாநிலத்தில் விசாரணை நீதிபதிகள் பத்தாண்டுக்கு ஒருமுறை வாக்காளர்முன் போகிறார்கள். 1990களில் அங்கே வழங்கப்பட்ட ஆயிரக்கணக்கான தண்டனைகளை எடுத்து இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2004ல் வெளியிட்டார்கள். அதே நீதிபதிகள்தான், ஆனால் தேர்தல் நெருங்க நெருங்க தண்டனைக் காலம் நீண்டுகொண்டே போயிருக்கிறது. தேர்தல் முந்திய ஆண்டு மாட்டியவனுக்கு ஒரு கணக்கு, தேர்தல் முடிந்த ஆண்டு மாட்டியவனுக்கு வேறு கணக்கு!

அலபாமா மாநிலத்தில் இதைவிட மோசம். அங்கே நீதிபதிகள் கட்சிச் சின்னத்தோடு நின்று ஜெயித்து வருகிறவர்கள். ஜூரிகள் "உயிர் போக வேண்டாம், ஆயுள் தண்டனை போதும்" என்று சொன்னாலும், அதை மீறி மரண தண்டனை விதிக்க நீதிபதிக்கு 2017 வரை அதிகாரம் இருந்தது. நூறு முறைக்கும் மேல் ஜூரிகளின் கருத்தை மீறியிருக்கிறார்கள். இரக்கப்பட்டு உயிரைக் காப்பாற்றவும் அதே அதிகாரம் அவர்களுக்கு இருந்தது, ஆனால் மிகப் பெரும்பாலான முறை உயிரை எடுக்கத்தான் அதைப் பயன்படுத்தினார்கள். நாட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர் 2013ல் தம் மாறுபட்ட கருத்தில், தேர்தல் அழுத்தத்துக்கு நீதிபதிகள் வளைகிறார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தெரியவில்லை என்ற பொருள்பட எழுதினார்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். தேர்தல் என்றால் பணம் வரும், பணம் என்றால் கொடுத்தவன் வருவான்.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் மாஸ்ஸி என்ற பெரிய நிலக்கரிக் கம்பெனி, ஒரு சிறிய சுரங்க முதலாளியை மோசடியாக ஒழித்துவிட்டது என்று வழக்கு. 2002ல் ஜூரிகள் 5 கோடி டாலர் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னார்கள். அப்பீல் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தாக வேண்டும். அதற்குள் 2004ல் நீதிபதி தேர்தல் வந்தது. கம்பெனித் தலைவர் டான் பிளாங்கன்ஷிப் என்ன செய்தார்? பதவியில் இருந்த வாரன் மெக்ரா என்ற நீதிபதியைத் தோற்கடித்து, பிரென்ட் பெஞ்சமின் என்ற வழக்கறிஞரை ஜெயிக்க வைக்க ஏறத்தாழ 30 லட்சம் டாலர் செலவழித்தார். பெஞ்சமினின் மற்ற ஆதரவாளர்கள் எல்லோரும் சேர்ந்து செலவழித்ததைவிட அது அதிகம்.

விளம்பரத்தில் நிலக்கரியைப் பற்றி ஒரு வார்த்தையாவது இருந்ததா? இல்லை! குழந்தைகளின் பெயரால் ஒரு அமைப்பு வைத்து, மெக்ரா பாலியல் குற்றவாளியிடம் இரக்கம் காட்டியவர் என்றுதான் பிரச்சாரம். பணம் போட்டவருக்குக் கவலை தன்னுடைய 5 கோடி டாலர். ஓட்டுப் போட்டவருக்குக் காட்டியதோ ஒரு குழந்தையின் முகம். டென்னஸியில் கண்ட அதே தடி இங்கேயும் எடுக்கப்பட்டிருக்கிறது பாருங்கள். எல்லோரும் வெறுக்கிற ஒரு குற்றவாளியை முன்னால் நிறுத்தி, பின்னால் வேறு காரியத்தை முடித்துக்கொள்வது. சிறுபான்மையினராக வாழ்கிற எவருக்கும் இந்தத் தடி அறிமுகமானதுதான்.

பெஞ்சமின் ஜெயித்தார். வழக்கு வந்தது. "ஐயா, நீங்கள் விலகிக்கொள்ளுங்கள்" என்று எதிர்த்தரப்பு கேட்டது. விலக மறுத்தார். 2007ல் 3க்கு 2 என்ற கணக்கில் 5 கோடி டாலர் தீர்ப்பு ரத்தானது. அந்த மூன்றில் ஒருவர் பெஞ்சமின். 2009 ஜூனில் நாட்டின் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அவர் விலகியிருக்க வேண்டும் என்று சொன்னது. அதுவும் 5க்கு 4தான். அவர் பணத்துக்கு விலைபோனார் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தமக்கு யாரிடமும் சாய்வு இல்லை என்றே அவர் சொன்னார், உண்மையாகவே அப்படி இருந்திருக்கலாம். தோற்றவன் அதை எப்படி நம்புவான் என்பதுதான் கேள்வி. இன்னொன்றும் கேளுங்கள்: அதே ஆண்டு நவம்பரில், பெஞ்சமின் இல்லாமலேயே மாநில உச்ச நீதிமன்றம் மறுபடி விசாரித்து, மறுபடியும் கம்பெனிக்கே சாதகமாகச் சொன்னது. பெஞ்சமின் 2016ல் மீண்டும் நின்று, தோற்று, வீட்டுக்குப் போனார். பணத்தின் கதை அவரோடு முடிந்துவிடவில்லை. 2025 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரே ஒரு நீதிபதி இடத்துக்கு நடந்த தேர்தலில் இரு தரப்பும் சேர்ந்து செலவழித்தது சுமார் 10 கோடி டாலர். உலகத்தின் மிகப் பெரிய பணக்காரரான எலான் மஸ்க் அதில் இறங்கிக் கோடிக்கணக்கில் கொட்டினார். அவர் ஆதரித்த வேட்பாளர் தோற்றார் என்பது வேறு விஷயம்.

அப்படியானால் நியமன முறை சுத்தமானதா என்று கேட்டால், என் பதில்: இல்லை. அமெரிக்காவில் வாழ்நாள் நீதிபதிகளின் நியமனத்திலும் கட்சிச் சண்டை வெட்கம் கெட்ட அளவுக்கு நடக்கிறது. நம் நாட்டு நியமன முறையைப் பற்றி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். அதில் வெளிச்சம் வேண்டும், எல்லாத் தரப்பினருக்கும் இடம் வேண்டும் என்று கேட்பது நம்முடைய உரிமை, தொடர்ந்து கேட்போம். ஆனால் நியமனம் என்பது ஒருவர் உள்ளே நுழைகிற வாசல். நுழைந்த பிறகு அவரை யார் வெளியே தள்ள முடியும் என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி. நம் இளம் வழக்கறிஞர் கேட்டது வாசலைப் பற்றி. பென்னி வைட்டின் கதை வெளியே தள்ளுவதைப் பற்றி. ஊரே ஒருவனைக் கைகாட்டி "இவனைத் தொலை" என்று கத்துகிற நாளில், அந்த ஊரிடமே அடுத்த மாதம் ஓட்டுக் கேட்க வேண்டியவர் "பொறுங்கள், சாட்சியத்தைப் பார்ப்போம்" என்று சொல்வாரா? சொன்னவர் ஒருவர் இருந்தார், அவருக்கு நடந்ததை இவ்வளவு நேரம் கேட்டீர்கள்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பை உண்மையில் எழுதிய பர்ச் 1998ல் வாக்காளர்முன் வந்தார். அவருக்கும் எதிர்ப்பு இருந்தது, தப்பித்துக்கொண்டார். 2014ல் அதே மாநிலத்தின் மூன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் குறிவைத்துப் பெரும் பிரச்சாரம் நடந்தது. வைட்டின் அனுபவம் நினைவில் இருந்ததால் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. நிதி திரட்டினார்கள், விளம்பரம் செய்தார்கள், ஊர் ஊராகப் போனார்கள், மூவரும் ஜெயித்தார்கள். நீதிபதிகள் நிதி திரட்டிப் பிரச்சாரம் செய்தார்கள் என்பதை நல்ல செய்தியாகச் சொல்வதா, கெட்ட செய்தியாகச் சொல்வதா என்று எனக்கே தெரியவில்லை.

அந்த மெம்ஃபிஸ் வழக்கு என்ன ஆயிற்று? புதிய ஜூரிகள் விசாரித்தார்கள், மறுபடியும் மரண தண்டனையே விதித்தார்கள். 2004ல் டென்னஸி உச்ச நீதிமன்றம் அந்த இரண்டாவது தண்டனையையும் விசாரணைப் பிழைக்காக ரத்து செய்து மூன்றாம் முறை விசாரிக்க அனுப்பியது. மூன்றாம் முறையும் மரண தண்டனையே வந்தது. இத்தனை தீர்ப்புகளிலும் அந்தக் கைதி ஒரு நாள்கூட சிறைக்கு வெளியே வரவில்லை. 2004ல் அந்தத் தண்டனையை ரத்து செய்ததற்காக எந்த நீதிபதியும் பதவி இழக்கவில்லை. பென்னி வைட் அப்போது நாக்ஸ்வில் நகரில், தாம் படித்த அதே சட்டக் கல்லூரியில், மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.